சிரிப்பையும் சேர்த்துத் தொகுங்கள்

ராப் இசையின் கதையைத் தமிழில் எழுதுகிற, பாட்காஸ்டில் பேசுகிற, 'கட்டாயம் கேட்க வேண்டிய பாடல்கள்' என்று பட்டியல் போடுகிற நண்பர்கள் அனைவருக்கும்,



உங்கள் உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் இசை போட்ட விருந்தைப் பற்றி இன்று தமிழிலேயே படிக்க முடிகிறது. 'தி மெசேஜ்' ஏன் ஒரு திருப்பம், பப்ளிக் எனிமி எதற்காகக் கொதித்தார்கள், என்.டபிள்யூ.ஏ. மீது போலீஸுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்றெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். இதில் உங்கள் பங்கு பெரிது. அந்த நன்றியோடுதான் ஒரு குறையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நீங்கள் சொல்கிற கதையில் யாருமே சிரிப்பதில்லை.

உங்கள் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' வந்தது என்று ஒரு வரி. அங்கிருந்து ஒரே தாவல், 1982இன் 'தி மெசேஜ்'க்கு. அடுத்த தாவல் 1988இன் பப்ளிக் எனிமிக்கும் என்.டபிள்யூ.ஏ.வுக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் வானொலியில் ஓயாமல் ஓடிய, தெருமுனைகளில் பெரிய டேப்ரெக்கார்டர்களில் அலறிய, தொகுப்புத் தட்டுகளில் தாராளமாக இடம்பிடித்த வேடிக்கைப் பாட்டுகள் மொத்தமாகக் காணாமல் போகின்றன. சாப்பாட்டைப் பற்றிப் பாடிய மூன்று குண்டுப் பையன்கள், கரப்பான்பூச்சித் தொல்லையைப் பாடிய வானொலி அறிவிப்பாளர், அம்மா எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போக வெட்கப்பட்ட பையன் எல்லோரையும் 'அதெல்லாம் காமெடிப் பாட்டு' என்று ஓரங்கட்டிவிடுகிறீர்கள். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: அவர்களைத் திரும்ப அழைத்து, முதலில் அவர்கள் இருந்த இடத்திலேயே, கோபப் பாட்டுகளுக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். ராப் கலையின் கைவேலை பெருமளவு அந்தச் சிரிப்புப் பாட்டுகளில்தான் பழகியது.

அந்த இடம் எது என்று தெரிய வேண்டுமானால், அந்தக் காலத்துத் தொகுப்புகளைக் கையில் எடுக்க வேண்டும். 1980களின் முற்பாதியில் ராப் பெரும்பாலும் ஆல்பமாக வரவில்லை. 12 அங்குல சிங்கிள் தட்டுகளாகத்தான் வந்தது. ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் பல நேரங்களில் குரல் நீக்கிய இசை மட்டும். சின்னச் சின்ன கம்பெனிகள் அச்சடித்த அந்தத் தட்டுகள் நியூயார்க்கைத் தாண்டிப் போவதே பெரும்பாடு. வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அந்த இசையைக் கொண்டுபோனவை தொகுப்புகள்தான். லண்டனில் மார்கன் கான் தொடங்கிய ஸ்ட்ரீட் சவுண்ட்ஸ் நிறுவனம் 1983இல் 'எலெக்ட்ரோ' வரிசையை வெளியிட ஆரம்பித்தது. இறக்குமதித் தட்டுகளைத் தனித்தனியாக வாங்க வசதியில்லாத இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு, ஒரு பாட்டோடு இன்னொரு பாட்டை இடைவெளியில்லாமல் கோத்துக் கொடுத்த அந்த வரிசைதான் ஹிப்ஹாப்பின் முதல் பாடப்புத்தகம். நியூயார்க்கில் டபிள்யூபிஎல்எஸ் வானொலியின் 'ராப் அட்டாக்' நிகழ்ச்சியை நடத்திய மிஸ்டர் மேஜிக்கின் பெயரிலேயே புரொஃபைல் நிறுவனம் 1985 முதல் தொகுப்புகளை வெளியிட்டது. மேற்குக் கரையில் பிரையாரிட்டி ரெக்கார்ட்ஸ் இருந்தது. தொலைக்காட்சி விளம்பரம் போட்டுத் தொகுப்புத் தட்டு விற்ற கே-டெல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் 1985இல் தொடங்கிய நிறுவனம் அது. மறு ஆண்டே 'ராப்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது.

இந்தத் தொகுப்பாளர்களிடம் உயர்ந்தது, தாழ்ந்தது என்ற பாகுபாடு இருக்கவில்லை. எது தெருவில் ஓடுகிறதோ அதை எடுத்தார்கள். 'எலெக்ட்ரோ' வரிசையின் முதல் தட்டையே பாருங்கள். வீடியோ கேமில் கண்டதையெல்லாம் விழுங்கிக்கொண்டு போகிற பேக்மேனாகத் தன்னை வைத்துப் பாடிய பாட்டு அதில் இருக்கிறது. குரலை வேகமாக ஓட்டி அணில் குஞ்சுகள் கீச்சிடுவதுபோல் ஆக்கிய நியூக்ளியஸ் குழுவின் 'ஜாம் ஆன் ரிவெஞ்ச்' இருக்கிறது. ஒரு புதிய கலை வெளிநாட்டு வாசலில் முதல் அடி எடுத்து வைத்தபோது சிரித்துக்கொண்டேதான் உள்ளே நுழைந்தது.

இப்போது 'ராப்பர்ஸ் டிலைட்'டுக்கு வருவோம். வரலாற்றில் அதன் தேதியைக் குறித்துவிட்டுக் கடந்து போகிறோம். பாட்டை முழுதாகக் கேட்பவர் எத்தனை பேர்? நீண்ட வடிவம் 14 நிமிடத்துக்கு மேல் ஓடும். பாடியவர்களில் ஒருவரான வொண்டர் மைக் அதில் ஒரு கதை சொல்வார். நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறோம். சோறு வாயில் வைக்க விளங்கவில்லை. காய் குழைந்து கூழாகிக் கிடக்கிறது, கோழியைக் கடித்தால் கட்டையைக் கடித்தது போலிருக்கிறது. மரியாதைக்காக, வயிறு நிரம்பிவிட்டது என்று சொல்லிப் பார்க்கிறோம்; வீட்டுக்காரர்கள் விடுவதாக இல்லை. கடைசியில் கதவை இடித்துக்கொண்டு வெளியேறி மருந்துக் கடையை நோக்கி ஓட வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் உள்ளே நடக்கிற வேலையைக் கவனியுங்கள். அவர் 'எனக்கு நடந்தது' என்று சொல்லவில்லை. 'உனக்கு இப்படி நடந்திருக்கிறதா' என்று கேட்பவரையே கதைக்குள் இழுத்துவிடுகிறார். ஒவ்வொரு பண்டமாக அடுக்கி அவஸ்தையை ஏற்றிக்கொண்டே போகிறார். ஒலி ஒத்து முடிகிற இடமும் சிரிப்பு வெடிக்கிற இடமும் ஒன்றாக விழுகின்றன. அதுவரை பெருமை பேசுவதும் கூட்டத்தைக் கைதட்டச் சொல்வதுமாக ஓடிய பாட்டில், இந்த இடத்தில்தான் மனிதர்கள், இடம், சிக்கல், முடிவு என்று ஒரு முழுக்கதை தலைகாட்டுகிறது. பின்னாளில் ராப்பர் ஸ்லிக் ரிக் கட்டிய கதைகளுக்கும், அவரைத் தொடர்ந்து வந்த எத்தனையோ கதைசொல்லிகளுக்கும் இசைத்தட்டில் ஒரு தொடக்கம் வேண்டுமென்றால், கட்டை போன்ற கோழிக்கறியைப் பற்றிய இந்தச் சில வரிகளை நீங்கள் தாண்டிப் போக முடியாது.

இந்தச் சிரிப்பு 1979இல் திடீரென்று முளைத்ததும் கிடையாது. கறுப்பின மக்களிடையே ஒருவரையொருவர் எதிரெதிரே நின்று கிண்டலடித்துக்கொள்ளும் வாய்ச்சண்டை விளையாட்டு தலைமுறை தலைமுறையாக வந்தது. குரங்கு சிங்கத்தை வாயாலேயே மடக்கும் நெடும்பாட்டுகள் சிறைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் சொல்லப்பட்டன. ஜாக்கோ ஹெண்டர்சன் போன்ற வானொலி அறிவிப்பாளர்கள் 1950களிலேயே ஒலி ஒத்த வரிகளில் பேசித்தான் பாட்டுப் போட்டார்கள். கறுப்பின நாடக மேடைகளில் பல்லாண்டு காலம் சிரிக்க வைத்த பிக்மீட் மார்க்கம் என்ற நகைச்சுவை நடிகர் 1968இல் 'ஹியர் கம்ஸ் த ஜட்ஜ்' என்று ஒரு தட்டு வெளியிட்டார். டிரம்ஸ் அடிக்க, நீதிபதி வேடத்தில் தாளத்தோடு பேசிக்கொண்டே போவார். இன்று கேட்டாலும் ராப் என்றுதான் காதில் விழும். அமெரிக்கப் பட்டியலில் அது 19ஆவது இடம் வரை ஏறியது. ஹெர்க்கின் விருந்துக்கு ஐந்து ஆண்டுக்கு முன்பே நகைச்சுவைக்காரர் ஒருவர் இந்த வடிவத்தைத் தொட்டுவிட்டார் என்பது உங்கள் கதையில் ஒரு அத்தியாயமாக வர வேண்டிய செய்தி.

அடுத்து ராக்ஸேன். 1984இல் யு.டி.எஃப்.ஓ. குழுவின் 'ராக்ஸேன், ராக்ஸேன்' வந்தது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணை மூன்று பேர் முறை வைத்துக் கவரப் பார்க்கிறார்கள். ஒருவர் தன் படிப்பைக் காட்டுகிறார், ஒருவர் மருத்துவச் சொற்களாகக் கொட்டுகிறார். அவள் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. ராப் என்றாலே தன் பெருமை என்றிருந்த காலத்தில், பெருமையடிப்பவர்களையே அசடு வழிய வைத்த பாட்டு இது. அதற்கு நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பிலிருந்து 14 வயதுச் சிறுமி ஒருத்தி பதில் கொடுத்தாள். ராக்ஸேன் ஷான்டே என்ற பெயரில், தயாரிப்பாளர் மார்லி மார்ல் வீட்டில் பதிவு செய்த 'ராக்ஸேன்ஸ் ரிவெஞ்ச்' பாட்டில், அந்த மூவரையும் ஒவ்வொருவராக நிறுத்தி வறுத்தெடுத்தாள். நம் ஊரில் வயலில் ஒரு பக்கம் பாட, மறுபக்கம் எசப்பாட்டு எடுத்துக் கொடுப்பார்களே, அப்படித்தான் ஆரம்பித்தது, ஆனால் நின்றபாடில்லை. ராக்ஸேனின் பெற்றோர் பாடுவதாக ஒரு தட்டு வந்தது. ராக்ஸேன் பெண்ணே இல்லை என்று ஒரு தட்டு வந்தது. ஸ்பார்க்கி டி என்ற பெண் ஷான்டேவுக்கே பதில் கொடுத்தார். டஜன் கணக்கில் பாட்டுகள் வந்து குவிந்தன.

ராப்பர்கள் ஒருவரையொருவர் தாக்கிப் பாடும் தட்டுகளைப் பற்றி நீங்கள் மணிக்கணக்காகப் பேசுகிறீர்கள். இசைத்தட்டில் அந்த மரபைப் பெரிதாக வளர்த்தது இந்த நகைச்சுவைத் தொடர்தான். வாய்த்துடுக்குள்ள ஒரு பெண் குரல் ஆண்களின் கூட்டத்தை மடக்க முடியும் என்று காட்டியதும் இதுதான். தொகுப்புகள் இந்தப் பாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் சண்டையின் சுவை ஊருக்கெல்லாம் தெரிந்தது. கேள்வி ஒரு தட்டிலும் பதில் இன்னொரு தட்டிலும் இருந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். தொகுப்பின் பெருமையே அங்கேதான் இருக்கிறது.

ஃபேட் பாய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். புரூக்ளினைச் சேர்ந்த மூன்று பையன்கள். டிஸ்கோ 3 என்ற பெயரில் 1983இல் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்த போட்டியில் வென்றார்கள். பிறகு பெயரை மாற்றிக்கொண்டு, கர்ட்டிஸ் ப்ளோ தயாரிப்பில் 1984இல் முதல் ஆல்பம் போட்டார்கள். 'ஜெயில் ஹவுஸ் ராப்' பாட்டில் பசி தாங்காமல் சாப்பாட்டுக்காகவே குற்றம் செய்து கம்பி எண்ணுகிறார்கள். அவர்களில் ஒருவரான டேரன் ராபின்சன், 'மனித பீட்பாக்ஸ்' பஃபி, வாயாலேயே முழு டிரம்ஸையும் வாசித்தார். மூச்சு இரைப்பதையே தாளமாக்கினார். மேடையில் அது சிரிப்பை வரவழைக்கும் வித்தையாகத்தான் தெரிந்தது. வாத்தியம் வாங்கக் காசில்லாத இடத்தில் உடம்பையே வாத்தியமாக்கும் கலையை இசைத்தட்டில் ஏற்றி நாடு முழுவதும் பரப்பியவர்களில் அவருக்கு முன்வரிசை இடம். டக் ஈ. ஃப்ரெஷ்ஷும் ஸ்லிக் ரிக்கும் 1985இல் வெளியிட்ட 'லா டி டா டி'யில் வேறு எந்த வாத்தியமும் இல்லை. டக்கின் வாய்த்தாளம், ரிக்கின் குரல், அவ்வளவுதான். அலங்காரம் செய்துகொண்டு வெளியே கிளம்பிய ஒருவன் ஒரு பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் மாட்டிக்கொண்டு விழிக்கிற கதை. ரிக் ஆளுக்கொரு குரல் கொடுத்து, பெண் பேச்சைப் பெண்ணாகவும் தாய் பேச்சைத் தாயாகவும் நடிப்பார். ராப் நாடகமாக முடியும் என்று ஒரு தலைமுறைக்கே காட்டிக்கொடுத்த பாட்டு அது.

'இவையெல்லாம் நியூயார்க்கின் விருந்துப் பாட்டுகள். உண்மையான தெருவின் குரல் லாஸ் ஏஞ்சலஸில் வந்தது' என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, லாஸ் ஏஞ்சலஸுக்கே போவோம். அங்கே கேடே வானொலியில் அறிவிப்பாளராக இருந்த ரஸ் பார், பாபி ஜிம்மி என்ற வேடிக்கைப் பாத்திரமாக மாறிப் பாடுவார். டைமெக்ஸ் சோஷியல் கிளப்பின் 'ரூமர்ஸ்' 1986இல் எங்கும் ஒலித்தபோது அதே மெட்டை எடுத்து 'ரோச்சஸ்' என்று கரப்பான்பூச்சிகளைப் பற்றிப் பாட்டுக் கட்டினார். அந்த பாபி ஜிம்மி அண்ட் த கிரிட்டர்ஸ் குழுவில் இருந்த அரேபியன் பிரின்ஸ்தான் பிறகு என்.டபிள்யூ.ஏ.வின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவரானார். என்.டபிள்யூ.ஏ.வின் பெயர் தாங்கிய முதல் ஆல்பமே ஒரு தொகுப்புதான்: 1987இல் வந்த 'என்.டபிள்யூ.ஏ. அண்ட் த பாஸி'. போதைப்பொருள் விற்பவனைப் பற்றிய 'டோப்மேன்' அதில் இருக்கிறது. அதே தட்டில் ஃபிலா ஃப்ரெஷ் க்ரூ என்ற குழு, 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' மெட்டில் குடிகாரப் பாட்டுப் பாடிக் கும்மாளம் போடுகிறது. மறு ஆண்டு வந்த 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' ஆல்பத்தைக் கடைகளுக்குக் கொண்டுபோனது, நான் முன்னே சொன்ன பிரையாரிட்டி. அதே நிறுவனம் அதற்குச் சற்று முன்னால், விளம்பரத்தில் ஆடிப்பாடிய களிமண் பொம்மைத் திராட்சைகளின் பாட்டுத் தட்டைப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. அமெரிக்காவை அதிரவைத்த கோபமும் திராட்சைப் பொம்மைகளும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வந்தன. இந்தப் பின்னணியைத் தவிர்த்துவிட்டு என்.டபிள்யூ.ஏ.வின் கதையைச் சொன்னால், அவர்கள் வானத்திலிருந்து கோபத்தோடு குதித்தவர்கள் மாதிரித் தோன்றும்.

சமூக அக்கறை வேண்டும், வெறும் வேடிக்கை போதாது என்ற எண்ணம் உங்களிடம் பலமாக இருக்கிறது. அந்த அக்கறை எனக்கும் உண்டு. அதனால்தான் பப்ளிக் எனிமியின் ஃபிளேவர் ஃபிளேவை நினைவுபடுத்துகிறேன். கழுத்தில் பெரிய கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு கோமாளித்தனம் செய்த அவரை, அதே குழுவின் சக் டி.யின் கம்பீரத்துக்குப் பக்கத்தில் துணைப்பாத்திரமாகவே பார்க்கிறோம். ஆனால் 1990இல் அவர் முன்னின்று பாடிய '911 இஸ் எ ஜோக்' எதைச் சொல்கிறது? கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்து அவசர உதவிக்குக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வந்து சேராது என்பதை. சாவோடு விளையாடும் அலட்சியத்தை அவர் கேலியாகத்தான் பாடினார். கேலி என்பதாலேயே அது குத்தியது. கரப்பான்பூச்சிப் பாட்டுக்கு அந்தப் பெருமையை நான் கொடுக்கவில்லை. ஆனாலும் பராமரிப்பில்லாத வாடகை வீடுகளில் வாழ்ந்தவர்கள் அதைக் கேட்டு ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தங்கள் வீடு பாட்டில் வந்துவிட்டது என்ற சிரிப்பு அது.

எல்லா வேடிக்கையும் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. ராப்பைக் கிண்டல் செய்ய வெளியிலிருந்து வந்தவர்கள் உண்டு. பிரபல நகைச்சுவை நடிகர் ராட்னி டேஞ்சர்ஃபீல்ட் 1983இல் 'ராப்பின் ராட்னி' போட்டார். இயக்குநர் மெல் புரூக்ஸ் ஹிட்லர் வேடத்தில் ராப் பாடினார். ஒரு புது மோகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன முயற்சிகள் இவை. உள்ளேயிருந்து வந்த சிரிப்பை இவற்றோடு சேர்த்துக் குப்பையில் போடுவதுதான் தவறு. 'ராப்பின் டியூக்' என்று ஒரு பாட்டு. கௌபாய் நடிகர் ஜான் வெய்ன் பேசுவதுபோல் ஷான் பிரவுன் பாடியது. கோமாளிப் பாட்டு என்று எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தால், பத்தாண்டு கழித்து 1994இல் நட்டோரியஸ் பி.ஐ.ஜி. தன் 'ஜூஸி' பாட்டில் அதை நினைவுகூர்கிறார். ஹிப்ஹாப் இவ்வளவு தூரம் வரும் என்று யாரும் எண்ணாத காலத்தின் அடையாளமாக அவர் மனதில் நின்றது ஒரு வேடிக்கைப் பாட்டு. அவர் மறக்காததை நாம் ஏன் மறக்க வேண்டும்?

இந்தப் பாட்டுகளில் கசப்பும் உண்டு. அதை மறைக்கச் சொல்லவில்லை. பெண்களின் தோற்றத்தைக் கேலி செய்தவை ஏராளம். மற்ற இனத்தவரின் பேச்சைக் கொச்சைப்படுத்தியவை உண்டு. ஃபேட் பாய்ஸைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பில், உடம்பைப் பார்த்துச் சிரித்ததும் கலந்திருந்தது. பஃபி 1995 டிசம்பரில், 28 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார். இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்வதற்கு முதலில் பாட்டு பட்டியலில் இருக்க வேண்டும். நீக்கிவிட்டால் பாராட்டவும் முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது.

இந்தப் பாட்டுகள் மறைந்ததற்கு நம் ரசனை மட்டும் காரணமில்லை, சட்டமும் காரணம். வேடிக்கைப் பாட்டின் சிரிப்பு பாதி வரியில் இருக்கும், பாதி இசையில் இருக்கும். டக் ஈ. ஃப்ரெஷ்ஷின் 'தி ஷோ' பாட்டுக்குள் 'இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்' கார்ட்டூனின் மெட்டு வந்து நிற்கும். ஜாஸி ஜெஃப், ஃப்ரெஷ் பிரின்ஸ் இருவரின் 1986 சிங்கிளில் 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' தொலைக்காட்சித் தொடரின் இசை வரும். தெரிந்த மெட்டு தெரியாத இடத்தில் தலைகாட்டுவதே நகைச்சுவை. அனுமதி, பணம், வழக்கு என்று வந்ததும் முதலில் அடிவாங்கியது இந்த விளையாட்டுதான். 'லா டி டா டி'யில் ரிக், 'சுகியாகி' என்ற ஜப்பானியப் பாட்டின் ஆங்கில வடிவத்திலிருந்து கொஞ்சம் பாடுவார்; பின்னால் வந்த பல பதிப்புகளில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். ஸ்கிட் எனப்படும் குட்டி நாடகங்களை ராப் ஆல்பத்தின் நடுவே புகுத்தி, தொலைக்காட்சி வினாடி வினா போல ஒரு வேடிக்கையை ஓடவிட்ட டி லா சோலின் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' 1989இல் வந்தது. பிற பாட்டுகளிலிருந்து எடுத்துக் கோத்த துண்டுகளின், அதாவது சாம்பிள்களின், உரிமைச் சிக்கல்களால் அது ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வர 2023 மார்ச் ஆயிற்று. இன்றைய பிள்ளைகள் போனில் கேட்டு வளர்கிறார்கள். அங்கே இல்லாதது அவர்களுக்கு இல்லவே இல்லை.

இந்தக் கதையின் நடுநாயகமாக நான் பிஸ் மார்க்கியைத்தான் சொல்வேன். மூக்கு நோண்டுவதைப் பற்றி 1988இல் ஒரு முழுப் பாட்டே பாடிய மனிதர். 1989இல் வந்த அவருடைய 'ஜஸ்ட் எ ஃப்ரெண்ட்' பாட்டை இன்னொரு முறை நிதானமாகக் கேளுங்கள். ஒரு பெண்ணைச் சந்திக்கிறார். 'உனக்கு வேறு யாராவது இருக்கிறார்களா' என்று கேட்கிறார். இருப்பவன் வெறும் நண்பன்தான் என்கிறாள். கல்லூரி விடுதிக்கே தேடிப் போய்க் கதவைத் திறக்கும்போது உண்மை தெரிகிறது. பல்லவியைப் பாட வேறு ஆள் தேடியதாகவும், யாரும் கிடைக்காததால் தானே பாடியதாகவும் அவர் பின்னாளில் சொன்னார். சுருதி சேரவில்லை. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் உடைகிறது. வீடியோவில் மொசார்ட் காலத்து வெள்ளை விக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு பியானோவில் உட்கார்ந்திருப்பார். முதலில் சிரிப்பு வருகிறது. மூன்றாம் முறை பல்லவி வரும்போது, ஏமாந்தவனுடைய குரல் இப்படித்தானே இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. சுருதி சுத்தமாக ஒருவர் பாடியிருந்தால் அது இன்னொரு காதல் தோல்விப் பாட்டாகப் போயிருக்கும். அமெரிக்கப் பட்டியலில் 9ஆம் இடம் பிடித்த அந்தப் பாட்டு இன்றும் கூட்டங்களில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற பாட்டாக இருப்பதற்கு, யார் வேண்டுமானாலும் கூடப் பாடலாம் என்ற தைரியத்தை அந்த உடைந்த குரல் கொடுப்பதும் காரணம்.

அதே மனிதர்தான் 1991இல், கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியின்றி எடுத்ததற்காக நீதிமன்றத்தில் சிக்கியவர். விவிலியத்தின் பத்துக் கட்டளைகளில் ஒன்றை வைத்து நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். சாம்பிள் எடுக்கும் வழக்கமே அதற்குப் பிறகு மாறிப்போனது. பிஸ் மார்க்கி துவண்டுவிடவில்லை. 1993இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு, எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாயிற்று என்ற பொருளில் 'ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்!' என்று பெயர் வைத்தார். தோல்வியைத் தலைப்பாக்கிச் சிரித்த கலைஞரை வேறெங்கே பார்க்கப் போகிறோம்?

2021இல் மூன்று பேர் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பிப்ரவரியில் ஃபேட் பாய்ஸின் பிரின்ஸ் மார்க்கி டீ. ஏப்ரலில், பொய் மூக்கு வைத்துக்கொண்டு ஹம்ப்டி ஹம்ப் என்ற பாத்திரமாகவே வாழ்ந்த டிஜிட்டல் அண்டர்கிரவுண்டின் ஷாக் ஜி. ஜூலையில் பிஸ் மார்க்கி. நேரில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய ஒரு தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. சிரிக்க வைத்தவர்களிடம் யாரும் தொழில் ரகசியம் கேட்பதில்லை. வெறும் ஜாலி ஆட்கள் என்று விட்டுவிடுகிறோம்.

ராப் இசைக்கு முதல் கிராமி விருது 1989இல் கிடைத்தது. போட்டியில் சால்ட்-என்-பெப்பா, எல்எல் கூல் ஜே, கூல் மோ டீ, ஜே.ஜே. ஃபேட் ஆகியோர் இருந்தார்கள். வென்றது ஜாஸி ஜெஃப், ஃப்ரெஷ் பிரின்ஸ் இருவரின் 'பேரன்ட்ஸ் ஜஸ்ட் டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்'. அம்மா துணிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய் யாரும் போடாத சட்டைகளை வாங்கிக் கொடுக்கிற பாட்டு. விருது வழங்குவதைத் தொலைக்காட்சியில் காட்ட மறுத்ததால் வென்றவர்கள் உட்படப் பலர் விழாவைப் புறக்கணித்தார்கள். வேடிக்கைப் பாட்டுக்காரர்கள்தான் அன்று ராப்பின் மானத்துக்காக எழுந்து நின்றவர்களில் முன்வரிசையில் இருந்தார்கள். சிரிப்பவனுக்குச் சொரணை கிடையாது என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

தமிழர்களாகிய நமக்கு இது புரியாத விஷயமும் இல்லை. 'ராப்' என்ற சொல்லை நம்மில் பலர் முதலில் கேட்டதே 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வழியாகத்தான். இயக்குநர் ஷங்கரே எழுதி, ஏ.ஆர். ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், ஷாகுல் ஹமீது பாடிய அந்தப் பாட்டு, சென்னைத் தெருப்பேச்சை அடுக்கிச் சிரிக்க வைத்தது. சிரித்துக்கொண்டேதான் நாமும் இந்தக் கலைக்குள் நுழைந்தோம்.

எனவே சில கோரிக்கைகள். அடுத்த முறை ஆரம்பகால ராப்பைப் பற்றிப் பேசும்போது, பிற்காலத்தில் யாரோ வடிகட்டிய பட்டியலை எடுக்காமல், 1980களில் வந்த ஒரு தொகுப்பை எடுத்து முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல் பேசுங்கள். அன்றைய காது எப்படிக் கேட்டது என்று கேட்பவர்களுக்கு அப்போதுதான் தெரியும். நகைச்சுவைப் பாட்டு வரும்போது 'ஜாலியான பாட்டு' என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். யார் எழுதியது, எந்த மெட்டைப் புரட்டிப் போட்டார்கள், சிரிப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று, 'தி மெசேஜ்'க்குச் செலவிடும் அதே பொறுமையோடு பிரித்துக் காட்டுங்கள். பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் வித்தியாசம் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். வெட்டுப்பட்ட இடத்தை ஒருவர் சொல்லாவிட்டால் அடுத்தவருக்கு வெட்டு இருப்பதே தெரியாது. புண்படுத்தும் பாட்டு என்றால் ஒளிக்காமல், யாரை ஏன் புண்படுத்தியது என்று சொல்லுங்கள்.

உங்களைப் பார்த்துத்தான் தமிழில் ராப் எழுத வருகிற பிள்ளைகள் கற்கிறார்கள். கோபப்படத் தெரிந்தால் போதும் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. கதை சொல்லவும், குரல் மாற்றவும், எதிராளியை ஒரே வரியில் மடக்கவும், தன் தோல்வியைத் தானே பாடவும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் வொண்டர் மைக்கும் ஷான்டேவும் பஃபியும் பிஸ் மார்க்கியும். உங்கள் அடுத்த பட்டியலில் அவர்களின் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள்.

மிக்க அன்புடன்,
உங்கள் வாசகன்